சென்னையிலிருந்து குமரி வரை: வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய விந்தைகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆண்டுக்கு இரண்டு முறையாவது சென்னையிலிருந்து நாகர்கோவில் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குக் காரில் போய் வருகிறேன். ஒரே மூச்சாக ஓட்டுபவர்கள் ஒரு பகலில் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்துக்கு எனக்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகும். வழியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்பதால், அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதிலும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோயில் குளம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, நீங்கள் சொல்லும் விந்தை என்பது எது?

தஞ்சைப் பெரிய கோயிலும் மீனாட்சி அம்மன் கோயிலும் தனியாகத் திட்டமிட்டுப் போகவேண்டிய இடங்கள். அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. கல்லாகிப் போன மரம், சரிவில் உருளாமல் நிற்கும் பாறை, வரிசைகட்டி நிற்கும் மண்குதிரைகள், முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் மலை, பட்டாசு வெடிக்காத ஊர் ஆகியவற்றையே விந்தை என்கிறேன். இவற்றைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் இவற்றுக்காக மட்டும் சென்னையிலிருந்து யாரும் கிளம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் நெடுஞ்சாலைப் பயணிகளை இழுப்பதற்கென்றே பெரிய வாழைப்பழம், பெரிய ஆடு என்று பொம்மைகள் கட்டி வைப்பார்கள். நம் சாலையோரத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நமக்காக வைக்கப்பட்டவை அல்ல. மண்குதிரை அய்யனாருக்கு உரியது. தொட்டிப்பாலம் வயலுக்குத் தண்ணீர் போவதற்காகக் கட்டப்பட்டது. நாம் இடையில் எட்டிப் பார்க்கும் ஆட்கள்தாம். பின்னால் வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தைச் சார்ந்தே இருக்கும்.

எந்த வழியாகப் போனால் இவை எல்லாம் வரும்?

எல்லாம் ஒரே சாலையில் வராது. நான் வழக்கமாகப் போவது மாமல்லபுரம், திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் என்ற வழி. அதன் பிறகு சாலை இரண்டாகப் பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி வழியாகக் குமரி மாவட்டத்துக்குள் நுழைவது. மற்றொன்று இராமநாதபுரம் போய் இராமேசுவரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கடற்கரை ஓரமாகத் தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று இறங்குவது. போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் பார்த்ததையே திரும்பப் பார்க்கும் சலிப்பு இருக்காது.

எந்த மாதத்தில் கிளம்புவது நல்லது?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் பொறுக்கும்படி இருக்கும், பறவைகளும் வந்திருக்கும். மாசி மகத்தையொட்டிப் போனால் குளமங்கலம் அய்யனார் கோயிலின் பெரிய குதிரையை மாலையோடு பார்க்கலாம். காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆனி, ஆடி மாதங்கள்தாம் சரி. சித்திரை வெயிலில் தேரிக்காடு என்ற செம்மணல் மேட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பாறை ஏன் உருளாமல் நிற்கிறது? சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்களா?

ஒட்டவில்லை. கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் இந்தக் கருங்கல் பாறை சுமார் 6 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் கொண்டது. எடை ஏறக்குறைய 250 டன் என்று கணக்கிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு புள்ளியில் மட்டும் சரிவைத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. உண்மையில் அது வேறெங்கிருந்தோ உருண்டு வந்து நின்ற கல் அல்ல. அடியில் உள்ள பாறையும் இதுவும் ஒரே பாறைத் தொகுதியின் பகுதிகளாக இருந்தவை. விரிசல்களின் வழியாக நீரும் வெயிலும் பல்லாயிரம் ஆண்டுகள் அரித்ததில் சுற்றியிருந்த பகுதி உதிர்ந்து, நடுவில் இந்த உருண்டை மிஞ்சியது. எடையின் மையம் அடித்தளத்துக்கு நேர் மேலே விழுவதாலும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உராய்வு மிகுதியாக இருப்பதாலும் அது அசையவில்லை.

1908இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து என்று கருதி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தார் என்றும், கல் இம்மியும் நகரவில்லை என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். இதைக் கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகு, அதே இடத்தில் அதே மாதிரி நிற்பதற்கு வரிசையே உருவாகிவிட்டது. மேற்புறம் வழுவழுவென்று இருக்கும் சரிவைக் கவனியுங்கள். ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சறுக்கி விளையாடித் தேய்த்த பளபளப்பு அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புலிக்குகை என்று பலகை இருக்கிறதே, உள்ளே புலி இருந்ததா?

இருந்ததில்லை, அது குகையும் அல்ல. மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாகச் சாளுவன்குப்பத்தில் உள்ள இந்தப் பல்லவர் காலக் குடைவரையின் (பாறையைக் குடைந்து செய்த கோயிலின்) முகப்பைச் சுற்றி யாளித் தலைகள் வட்டமாகச் செதுக்கப்பட்டிருப்பதால் மக்கள் அப்படிப் பெயரிட்டுவிட்டார்கள்.

புலிக்குகையைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள் என்பது என் குறை. பக்கத்திலேயே ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிப் பேசியது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் 2005இல் தோண்டியபோது பல்லவர் காலக் கற்கோயிலும், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. வடக்கு நோக்கிய அந்தச் செங்கல் வரிசைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு செங்கல்லும் நம் வீட்டுச் செங்கல்லைவிட எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

கல்மரம் என்றால் மரத்தைப் போலச் செதுக்கிய கல்லா, உண்மையான மரமா?

உண்மையான மரமாக இருந்தது. இப்போது முழுக்கக் கல். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலிலும் சேற்றிலும் காற்றுப் புகாமல் புதைந்துபோகும்போது அழுகுவது மிக மெதுவாகிவிடும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிந்து, நாளடைவில் மரப்பொருள் இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அச்சில் வார்த்தது போல இது நடப்பதால், வளையங்களும் கணுக்களும் பூச்சி துளைத்த ஓட்டைகளும்கூட அப்படியே கல்லாக நிற்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. சொன்னெரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் 1781இல் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940இல் இந்த இடத்தைப் பூங்காவாக்கியது. கிளைகளோ வேர்களோ இலைகளோ இல்லாமல், அடிமரம் மட்டுமே படுத்த வாக்கில் கிடப்பதால் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, ஆற்று வெள்ளத்தில் வந்து சேர்ந்தவை என்று கருதுகிறார்கள். எங்கள் வீட்டுப் பையன் முதல் தடவை பார்த்தபோது, யாரோ நேற்று வெட்டிப்போட்ட புளியமரம் என்று நம்பி விரல் முட்டியால் தட்டினான். டங்கென்று பாறையின் ஓசை வந்ததும் கையை இழுத்துக்கொண்டான். அந்த ஓசைக்காகவே ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறேன்.

அதே ஊரில் சந்திரமௌலீசுவரர் கோயில் இருக்கிறது. மூன்று முகங்கள் கொண்ட லிங்கமும் வக்கிரகாளி சன்னதியும் அங்கே உள்ளன. காளி வதைத்த அசுரக் கூட்டத்தின் எலும்புகளே இந்தக் கல்மரங்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. துண்டு துண்டாகக் கிடக்கும் அந்த அடிமரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை எப்படித் தோன்றியது என்பதில் வியப்பிருக்காது.

மேப்பில் சாத்தனூர் என்று போட்டேன், ஒரு அணைக்குக் கொண்டுபோய் விட்டது. கல்மரம் எங்கே?

இந்தப் புகார் வருடத்துக்கு நாலு முறை வருகிறது. நீங்கள் போனது திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை. கல்மரம் இருப்பது பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில். பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும்போது நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே உள்ளே திரும்பவேண்டும். மேப்பில் தேடும்போது பெரம்பலூர் என்ற சொல்லையும் கல்மரம் என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள்.

இங்கே இருப்பது ஒரே ஒரு மரம்தான், ஆனால் 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். திருவக்கரை மரங்களை 2 கோடி ஆண்டு என்று சொன்னேன் அல்லவா, இதன் வயதோ 12 கோடி ஆண்டு என்று மதிப்பிடப்படுகிறது. பூக்கும் தாவரங்கள் உலகில் பெருகுவதற்கு முந்தைய ஊசியிலை வகை. அந்தக் காலத்தில் கடல் இந்த ஊரையும் தாண்டி உள்ளே வந்திருந்தது. கரையில் இருந்த மரம் கடலடி மண்ணில் புதைந்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிமென்ட் ஆலைகளுக்கு ஏன் இவ்வளவு சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது என்பதற்கும் அதே கடல்தான் விடை.

அந்தப் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் படம் வந்ததே?

2020 கடைசியில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே கிடைத்த உருண்டைகளின் படங்கள் அப்படிப் பரவின. பார்வையிட்ட வல்லுநர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியைச் சுற்றி மண் இறுகியதால் உண்டானவை என்றார்கள். அம்மோனைட் என்பது நத்தை போலச் சுருண்ட ஓடு கொண்டது, கணவாய்க்கு உறவு. கடல் இருந்த இடம் என்று மேலே சொன்னதற்கு அது நல்ல சாட்சி. எனக்கு முட்டையைவிட இதுதான் பெரிய செய்தியாகப் பட்டது.

முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிறார்கள் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. திருச்சி மதுரை நெடுஞ்சாலையில் உள்ள விராலிமலையில் சுப்பிரமணியருக்குச் சுருட்டு நிவேதனமாக வைக்கப்படுகிறது. கடும் மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த கருப்பமுத்து என்ற பக்தருக்கு ஒருவர் சுருட்டுக் கொடுத்து வழித்துணையாக வந்ததாகவும், மலைக்கு வந்து பார்த்தால் அந்தச் சுருட்டு சன்னதியில் இருந்ததாகவும், அதிலிருந்து வழக்கம் தொடங்கியதாகவும் சொல்வார்கள். மலையெங்கும் மயில்கள் இருக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் படிகளிலேயே பார்க்கலாம். உச்சி வெயிலில் போனால் அகவுவது மட்டும் எங்கிருந்தோ கேட்கும்.

புதுக்கோட்டைப் பக்கம் சாலையோரம் நிற்கும் மண்குதிரைகளை யார் வைக்கிறார்கள்? ஏன் உடைந்தவற்றைச் சரிசெய்வதில்லை?

அவை அய்யனாருக்கு ஊர் மக்கள் செலுத்தும் நேர்த்திக்கடன். இரவில் அய்யனார் குதிரை ஏறி ஊர் எல்லையைக் காவல் சுற்றுவார் என்பது நம்பிக்கை. மழைக்காகவோ பிள்ளை வரத்துக்காகவோ மாட்டின் நோய் தீர்வதற்காகவோ வேண்டிக்கொண்டவர்கள் குதிரை எடுப்பார்கள். ஊரார் சேர்ந்து, மண்பாண்டம் வனையும் வேளாரிடம் பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) கொடுப்பதில் வேலை தொடங்கும். வேளார் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, கால்கள், வயிறு, கழுத்து, தலை என்று உள்ளே கூடாக வனைந்து, காயவைத்து, சூளையில் சுட்டு எடுப்பார். புரவி எடுப்பு எனப்படும் திருவிழா நாளில் கண் திறந்து, மாலை போட்டு, தோளில் சுமந்து மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். நமணசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் இப்படிப்பட்ட குதிரைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொண்டுபோய் நிறுத்திய அன்றே குதிரையின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மழையில் கரைவதும் காது உடைவதும் வேர் புகுந்து வயிறு பிளப்பதும் அதன் போக்கில் நடக்கவேண்டியவை. பழைய குதிரையை ஒட்டுப்போடுவதைவிட அடுத்த வேண்டுதலுக்குப் புதிய குதிரை எடுப்பதுதான் வழக்கம். அதனால்தான் முன்வரிசையில் சாயம் மங்காத குதிரையும், அதன் பின்னால் மூக்கில்லாத குதிரையும், அதற்கும் பின்னால் புதருக்குள் நாலு கால் குழல்கள் மட்டும் மிஞ்சிய குதிரையும் தெரிகின்றன. ஒருமுறை அப்படி உடைந்த வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உட்சுவரில் வேளாரின் விரல்கள் இழுத்த தடங்கள் நான்கு நான்காக மேலிருந்து கீழே வரை இருந்தன. வெளியே சலங்கை, சேணம், மணி என்று எவ்வளவோ அலங்காரம். எனக்கு நினைவில் நிற்பது உள்ளே இருந்த விரல் தடங்களே.

மிகப் பெரிய குதிரை என்கிறார்களே, அது இதுதானா?

இல்லை, அது வேறு ஊர். கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன்னால் 33 அடி உயரத்தில் தாவும் நிலையில் நிற்கும் குதிரை இருக்கிறது. இது முந்தைய பதிலில் சொன்ன சுடுமண் குதிரை அல்ல. நிலையாக நிற்கும்படி கட்டப்பட்டது. மாசி மகத்தின்போது இதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். குதிரையின் உயரத்துக்கே மாலையும் இருக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு மாலையையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். திருவிழா முடிந்த மறுநாள் போனால் மாலைகளுக்குள் குதிரையைத் தேடவேண்டியிருக்கும்.

இந்தக் கோயில்களில் படம் எடுக்கலாமா? பெண்கள் போகலாமா?

சாலையிலிருந்து தெரியும் குதிரைகளைப் படம் எடுப்பதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் கருப்பர் சன்னதியையோ பூசை நடப்பதையோ எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் எது என்பதும் வெளியாளுக்குத் தெரியாது. சில ஊர்களில் குதிரை வரிசை தொடங்கும் இடத்திலேயே கழற்றுவார்கள். பெண்கள் ஓர் எல்லைக்கு மேல் போகாத கோயில்களும் உண்டு, தடையே இல்லாதவையும் உண்டு. அருகில் ஆடு மேய்க்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் கேட்டால் போதும். குதிரையின் மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். அது சாமியின் வாகனம் என்பது ஒருபுறம் இருக்க, உள்ளே கூடு என்பதையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

திருமயம் கோட்டை வழியில் தெரிகிறது, ஏறிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நிதானமாக ஒரு மணி நேரம். 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது என்பார்கள். உச்சியில் பீரங்கி இருக்கிறது, காற்று அபாரம். பாதி ஏறும்போது பாறையின் பக்கச் சுவரில் ஒரு குடைவரையும் அதற்குள் ஒரு லிங்கமும் இருப்பதைத் தவறவிடாதீர்கள். இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள்.

பட்டாசு வெடிக்காத ஊர் எது? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் இடையே உள்ள கொள்ளுக்குடிப்பட்டி. அதை ஒட்டிய வேட்டங்குடி கண்மாய் 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன் முதலியவை மழைக்காலத்தில் வந்து கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. தீபாவளி சரியாக அவை கூடு கட்டும் காலத்தில் வருவதால், சத்தத்தில் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று ஊரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசைத் தொடுவதில்லை. வனத்துறையினர் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்குவது வழக்கம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் மரம் முழுக்கப் பறவை. மற்ற மாதங்களில் வறண்ட கண்மாயும் எச்சம் படிந்து வெளுத்த மரங்களும் மட்டுமே. மே மாதத்தில் போய் ஏமாந்து எனக்கு போன் செய்த நண்பருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

பாம்பன் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்கலாமா?

கூடாது. எல்லோரும் நிறுத்துகிறார்களே என்பது காரணம் ஆகாது. பாலத்தின் மேல் பேருந்துகள் வேகமாக வரும். பாலம் ஏறுவதற்கு முன்போ, பாம்பனில் இறங்கிய பின்போ ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் உள்ள ரயில் பாலத்தைக் கரையிலிருந்து பாருங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, படுக்கைவாட்டிலேயே மின்தூக்கி போல மேலே போகிறது.

தனுஷ்கோடியில் பேய் ஊர் என்கிறார்களே, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். பேய் ஊர் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அலை விழுங்கியது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவரை எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறி, கொழும்பு வரை ஒரே பயணமாகப் போகமுடிந்தது. இன்று மிஞ்சியிருப்பது பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் சில வளைவுகளும்தாம்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு நம் காரிலேயே போகலாம். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே மீனவக் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் அந்த மணலில் அவர்கள் இரண்டு மூன்றடி தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மணலுக்குள் அதன் மேல் மிதந்தபடி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும் என்று ஒரு பாட்டி சொன்னார்.

தேரிக்காடு பாலைவனமா? காரை உள்ளே ஓட்டலாமா?

பாலைவனம் போலத் தோன்றும் செம்மணல் மேடு, பாலைவனம் அல்ல. பனையும் முந்திரியும் நன்றாக வளர்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி பரந்து கிடக்கிறது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. காற்றில் மேடுகள் இடம் மாறுவதைத் தடுக்கத்தான் மரங்கள் நடப்பட்டன. நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், அத்தனை மணலுக்கு மத்தியில் சுனை நீர் இருக்கிறது.

காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள். படம் நன்றாக வரும் என்று நான் பத்தடி இறக்கினேன். பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. பனையேறும் அண்ணாச்சி ஒருவர் வந்து, "மிதிக்காதீங்க, இறங்குங்க" என்று சொல்லிவிட்டு, கையாலேயே மணலைப் பறித்து, காய்ந்த பனைமட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் வரிசையாகக் கொடுத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். வண்டி ஏறிவிட்டது. காசு கொடுத்தபோது வாங்கவில்லை. கருப்பட்டி வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். இரண்டு கிலோ வாங்கினேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சில சுற்றாமல் நிற்கின்றனவே, பழுதா?

எல்லாம் பழுது அல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே காற்று இருந்தால் அவை சுற்றத் தொடங்காது. மிகப் பலத்த காற்று அடித்தால் சேதமாகாமல் இருக்கத் தாமாகவே நின்றுகொள்ளும். பராமரிப்புக்காக நிறுத்துவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இடத்தில் ஒரு கணவாய் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இதற்குள் நெருக்கி வீசுகிறது. முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் அமைந்ததன் காரணம் அதுதான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் அங்கே நிறுத்தாமல் போவதில்லை. நீங்களும் நிறுத்தி, காருக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வேட்டி கட்டியவர்கள் எச்சரிக்கையாக இறங்கவும்.

உயரம் என்றால் எனக்குப் பயம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்க முடியுமா?

முடியும், இரு பக்கமும் கைப்பிடிச் சுவர் உண்டு. பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் தொட்டியில் வாய்க்கால் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போகிறது. காமராசர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1966இல் முடிந்தது. நடுவில் போய் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர் உங்கள் இடுப்பளவில் ஓடும், மறுபக்கம் தென்னைமரங்களின் கொண்டை காலுக்குக் கீழே தெரியும். கீழே பார்க்க முடியாதவர்கள் ஆற்றுப் பக்கம் இறங்கும் படிகளில் போய்த் தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

தேரி மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்; கல்மரத்தில் ஒரு சில்லு எடுத்தால் மட்டும் தவறா? இரண்டும் மண்தானே?

என் மைத்துனர் கேட்ட கேள்வி இது; கேட்கும்போதே அவர் சட்டைப்பையில் சில்லு இருந்ததோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதம் கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும். தேரிமணலில் வைத்து இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் சிந்திய மண்ணைப் பக்தர்கள் அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் கடையிலும் வயலிலும் வைப்பார்கள். அது அந்த ஊர் அந்த நாளில் எல்லோருக்கும் கொடுப்பது. அள்ளிய பள்ளத்தை அடுத்த வாரக் காற்று நிரப்பிவிடும். கல்மரப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே யாரும் நமக்கு எதையும் கொடுக்கவில்லை. எடுத்த சில்லுக்குப் பதிலாக இன்னொன்று வருவதற்கு இன்னும் 2 கோடி ஆண்டு ஆகும்.

மைத்துனரின் சட்டைப்பையை நான் சோதிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவரே திருவக்கரையில் இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிடம் உள்ளே போய்விட்டு வந்தார்.